உள்ளே போனவரைப் பற்றி வெளியே நிற்பவர்கள் கேட்பவை

கோபியில் (கோபிசெட்டிபாளையம்) கோர்ட்டுக்குப் பக்கத்தில் 19 வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜாமீன் மனு, பரோல் மனு, மேல்முறையீடு என்று அடித்து அடித்தே சிறை விதிகள் பாதி மனப்பாடம் ஆகிவிட்டன. மீதிப் பாதிக்காகத் தபால் வழியில் குற்றவியலும் தண்டனையியலும் படித்தேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் வக்கீலிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பிரிண்ட் வருகிற இரண்டு நிமிஷத்தில் என்னிடம் கேட்டுவிடுவார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே வைத்திருக்கிறேன். ஊரும் பேரும் எடுத்துவிட்டேன்.

ஏனுங்க, போலீஸ் புடிச்சு ஜெயில்ல போட்டாச்சு. அப்ப தண்டனை ஆரம்பிச்சிருச்சுன்னுதானுங்களே அர்த்தம்?

இல்லை. அவர் இப்போது விசாரணைக் கைதி. குற்றம் செய்தாரா இல்லையா என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லவில்லை. சாட்சியைக் கலைக்காமல், ஓடிப்போகாமல் இருக்க ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் சிறைச் சீருடை கிடையாது, சொந்தத் துணி போட்டுக்கொள்ளலாம். வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தீர்ப்பு வந்து தண்டனை விதித்தால்தான் தண்டனைக் கைதி.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பங்காளி வீட்டு நோம்பிக்குக்கூட அந்தக் குடும்பத்தைக் கூப்பிடாமல் விட்டுவிடுகிறோம். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை.

கோபி ஜெயிலா, கோயமுத்தூர் ஜெயிலா? எங்க போயிப் பாக்கறதுங்க?

ஈரோட்டுப் பக்கத்து ரிமாண்ட் ஆண்கள் பெரும்பாலும் கோபி மாவட்டச் சிறைக்கு வருவார்கள். நீண்ட தண்டனை விழுந்தால் கோவை மத்திய சிறை. நாமக்கல், சேலம் பக்கத்தவர்களுக்குச் சேலம் மத்திய சிறை. பெண்களுக்குக் கோவையில் தனிச்சிறை உண்டு. தாயோடு ஆறு வயது வரை குழந்தையும் உள்ளே இருக்கலாம். 18 வயது நிரம்பாத பையன் என்றால் எந்தச் சிறைக்கும் அனுப்பக்கூடாது, அவனுக்குக் கூர்நோக்கு இல்லம்.

எங்கே என்று தெரியாவிட்டால் ரிமாண்ட் செய்த கோர்ட்டில் கேளுங்கள். ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைய வேண்டாம்.

மனுவுக்குப் போறப்ப ஊட்ல வெச்ச கோழிக்கொழம்பு கொண்டுட்டுப் போலாமுங்களா?

சிறைக்குப் போய் ஆளைப் பார்ப்பதற்குத்தான் 'மனு' என்று பேர். புதிதாக வருபவர்கள் ஏதோ காகிதத்தில் எழுதிக்கொடுப்பது என்று நினைத்து என்னிடம் வந்து டைப் அடிக்கச் சொல்வார்கள். அது வேண்டாம். அடையாள அட்டையோடு போய் வாசலில் பதிவு செய்தால் போதும். கைதி கொடுத்திருக்கும் உறவினர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

சமைத்ததை நம்பிக் கொண்டுபோக வேண்டாம், வாசலோடு திரும்பும். சிறைக் கேன்டீன் கணக்கில் பணம் கட்டுவதுதான் உதவும். 'களி தின்கிறான்' என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, இன்று சோறு, சாம்பார், பொங்கல், முட்டை என்று போகிறது. தண்டனைக் கைதிகளின் பட்டியலில் கோழிக்கறியும் உண்டு.

தப்பு பண்ணுனவனுக்குச் சோறு, டி.வி., இதுல சம்பளம் வேற. இது ஜெயிலா, மாமியார் ஊடா?

இதை என்னிடம் கோபமாகக் கேட்பவர்கள், மகனோ தம்பியோ உள்ளே போன பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது.

தண்டனை எதற்கு என்பதற்குப் படிப்பில் நான்கு பதில் சொல்வார்கள். செய்ததற்குப் பதில் கொடுக்க, மற்றவர்கள் பயப்பட, அந்த ஆள் மறுபடி செய்ய முடியாமல் தடுத்து வைக்க, ஆளைத் திருத்த. நான்கும் ஒன்றோடொன்று மோதும். பயத்துக்காக அடித்தால் திருந்த மாட்டான், திருத்தப் போனால் பயம் போய்விட்டது என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சிறை முதல் மூன்றை மட்டும் பார்த்தது. 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரம் பிள்ளையை மாடு இழுக்கும் செக்கை இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்றும் அங்கே நினைவுச் சின்னமாக இருக்கிறது. அவர் திருந்தினாரா? எதிலிருந்து திருந்துவது?

அப்போதைய கணக்கில் சிறைக்கு அனுப்புவது தண்டனை கொடுப்பதற்காக. இப்போதைய சட்டத்தின் கணக்கில், சிறைக்கு அனுப்புவதே தண்டனை. கோர்ட் பறிப்பது ஒன்றைத்தான், வெளியே நடமாடும் சுதந்திரத்தை. சோறு, மருந்து, கடிதம், அடிபடாமல் இருப்பது ஆகியவற்றைத் தீர்ப்பில் நீதிபதி பறிக்கவில்லை. அப்படியிருக்க வார்டர் எப்படிப் பறிப்பார்? மாலை அடைத்தால் காலை வரை திறக்காத கதவுக்குப் பின்னால் டி.வி. ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. அம்மாவின் சாவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போனவரின் மனுவை நான் அடித்திருக்கிறேன்.

கடுங்காவல்னா கல்லு ஒடைக்கணுமுங்களா?

கல் உடைப்பதெல்லாம் சினிமாவில்தான். கடுங்காவல் என்றால் சிறை கொடுக்கும் வேலையைச் செய்தாக வேண்டும். வெறுங்காவல் என்றால் வேலை கட்டாயமில்லை. கோவையில் தறி, தையல், சமையல் என்று வேலைகள் உண்டு. போலீஸ் காக்கித் துணிகூட அங்கே நெய்யப்படுகிறது. நஞ்சப்பா ரோட்டில் சிறைத் துறையின் பெட்ரோல் பங்க்கில் உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போட்டவர் தண்டனைக் கைதியாக இருக்கலாம். நன்னடத்தை உள்ளவர்களைச் சிங்காநல்லூர் திறந்தவெளிச் சிறைக்கு அனுப்புவதும் உண்டு. அங்கே தோட்ட வேலை.

அந்தச் சம்பளம் தர்மம் இல்லை. கைதிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலும் சாப்பாடு துணிக்கு ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு ஒரு பங்கு பிடித்தது போக மிச்சம்தான் கைதியின் கணக்குக்கு.

ஜாமீன் கெடைச்சு இருவது நாள் ஆச்சு, இன்னும் வெளிய உடலை. ஏமாத்தறாங்களாங்க?

பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. ஜாமீன் உத்தரவு ஒன்று, ஜாமீன்தாரர் கொடுப்பது இன்னொன்று. இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வேண்டும் என்று உத்தரவில் இருக்கும். அதைக் கொடுத்துக் கோர்ட் ஏற்ற பிறகுதான் விடுதலைக் காகிதம் சிறைக்குப் போகும். ஜாமீனுக்கு ஆள் நிற்பது நம் பக்கத்தில் பெரிய விஷயம். கல்யாணத்துக்கு மொய் வைத்தவனெல்லாம் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டான்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். இங்கே அவர்களுக்கு வீடும் இல்லை, வரி ரசீதும் இல்லை. வெளி மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது, ஏழைக்கு எட்டாத தொகை கேட்கக்கூடாது என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2023 ஜனவரியில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். அதே வருஷம் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஏழை விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை அரசே கட்டும் என்று அப்போது அறிவித்தார்கள். இதைக் கேட்டு வந்தவர்கள் என் கடையில் இதுவரை மூன்றே பேர்.

கேஸ் முடியற வரைக்கும் எத்தனை வருசம் வேணா உள்ள வெச்சிருக்கலாமுங்களா?

முடியாது. இரண்டு தடுப்பு உண்டு. ஒன்று, போலீஸ் குற்றப்பத்திரிகை போட 60 நாள். மரணம், ஆயுள், 10 வருஷம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். அதற்குள் போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். அந்த நாள் தாண்டி அவர்கள் குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டு, நீங்கள் அடுத்த நாள் மனுவோடு போனால் போச்சு. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டாவது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ம் பிரிவு. அந்தக் குற்றத்துக்கு உள்ள அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் விசாரணையிலேயே கழிந்துவிட்டால் ஜாமீன். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. ஒரே ஆள் மேல் பல வழக்கு இருந்தாலும் கிடையாது. கணக்குப் பார்த்துக் கோர்ட்டுக்கு எழுதுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் நீங்களும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிமாண்டுல இருந்த நாளெல்லாம் வீணாங்க?

வீணில்லை. தண்டனை விழுந்தால் அந்த வழக்கில் உள்ளே இருந்த நாட்கள் கழிக்கப்படும்.

பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள்னு ரெண்டு நாளாக் கணக்குப் போடுவாங்களாமே?

போட மாட்டார்கள். டீக்கடைச் சட்டம் இது. 24 மணி நேரம் ஒரு நாள்தான். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். நன்னடத்தைக்கும் வேலைக்கும் மாதாமாதம் சில நாட்கள் தண்டனைக் குறைப்பு கிடைக்கும். மூன்று வருஷம் போனவர் அதற்கு முன்னாலேயே வந்து நிற்பதைப் பார்த்து யாரோ கட்டிய கணக்காக இருக்கும்.

ஆயுள் தண்டனைன்னா பதினாலு வருசந்தானுங்களே?

ஆயுள் என்றால் ஆயுள், சாகும் வரை. 1961-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. 14 என்ற எண் வேறு இடத்திலிருந்து வருகிறது. கொலை போல மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, 14 வருஷம் முழுசாக உள்ளே கழிக்காமல் அரசு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் முன்விடுதலை செய்யக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் 1978-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். புதுச் சட்டத்தில் அது 475. ஆகவே 14 வருஷம் ஆனால் கேட்கலாம். கேட்டால் கிடைத்தே தீரும் என்பதில்லை. முந்தின பதிலில் சொன்ன தண்டனைக் குறைப்பு நாட்களை இந்த 14-க்குள் சேர்த்து எண்ணவும் முடியாது.

அண்ணா பிறந்த நாள் போன்ற சமயங்களில் ஆயுள் கைதிகளை விடுவார்களே, அது அரசியலமைப்பின் 161-வது பிரிவில் ஆளுநர் பேரில் உள்ள தனி அதிகாரம். அதற்கு அந்த 14 தடையில்லை. முன்விடுதலைக் கொள்கை வைத்திருக்கும் அரசு, தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் தானே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் தொழிலுக்கு அது நஷ்டம்தான், பரவாயில்லை.

மஞ்ச வெட்டோணும், ஊட்ல ஆம்பளையாளு இல்லீங்க. பரோல் கேக்கலாமுங்களா?

கேட்கலாம். கேட்பவர்களே நம்புவதில்லை, ஆனால் விதியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பரோல் எனப்படுவது 1982-ம் வருஷத்துத் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி கொடுக்கும் விடுப்பு. இரண்டு வகை. அவசர விடுப்பு நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் ஆகியவற்றுக்கு. சாதாரண விடுப்பு வீடு கட்ட, பழுது பார்க்க, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, பாகப் பிரச்சினை தீர்க்க, விதைப்பு அறுவடை போன்ற விவசாய வேலைக்கு. சாதாரண விடுப்புக்கு மூன்று வருஷம் உள்ளே கழித்திருக்க வேண்டும்.

நன்னடத்தை அலுவலரும் போலீசும் ஊரில் வந்து விசாரிப்பார்கள். எதிர்த் தரப்பு வீடு பக்கத்துத் தெரு என்றால் அங்கேதான் சிக்கல். 'பரோல் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை ஏக்கர், எந்த மாசம் வெட்டு, வேறு ஆள் ஏன் இல்லை என்று எழுதி, சிட்டா அடங்கல் நகலும் வையுங்கள். விசாரணைக் கைதிக்கு இந்த விடுப்பு கிடையாது. அவருக்கு இடைக்கால ஜாமீனோ, வழிக்காவலோடு போய்வர அனுமதியோ கோர்ட்டில் கேட்க வேண்டும்.

எங்கிட்டப் பணம் வாங்கிட்டு ஏமாத்தறான். கோர்ட்ல டிகிரி வாங்கியாச்சு. உள்ள தள்ள முடியுமுங்களா?

ஈரோட்டு, திருப்பூர்க்காரர்கள் அதிகம் கேட்பது இதுதான். 'சிவில் சிறை' என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. டிகிரி, அதாவது பணத்தைக் கொடு என்ற கோர்ட் தீர்ப்பாணையின் தொகை, 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் மூன்று மாதம் வரை. 2,000-க்கு மேல் 5,000 வரை ஆறு வாரம். அதற்குக் கீழே கிடையாது. பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்ய முடியாது.

ஆனால் இதைச் சொன்னதும் முகம் மாறும் ஒரு விஷயம் உண்டு. அவர் உள்ளே இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் படி கட்ட வேண்டியது நீங்கள். கட்டுவதை நிறுத்தினால் அவர் வெளியே வந்துவிடுவார். உள்ளே இருந்துவிட்டார் என்பதால் கடன் அடையாது. அதே டிகிரிக்கு அவரை மறுபடி பிடிக்கவும் முடியாது. இன்னொன்று, இருந்தும் கொடுக்காதவரைத்தான் இப்படி அனுப்பலாம். நிஜமாகவே இல்லாதவரை அனுப்பக்கூடாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

செக் திரும்பிய கேஸ் இது இல்லை, அது குற்றவியல் வழக்கு. இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தக் கட்டத்திலும் சமரசம் ஆகலாம், பாதிக்கு மேல் அப்படித்தான் முடிகிறது, என் பிரிண்டர் சாட்சி.

குண்டாஸ் போட்டுட்டாங்க. ஒரு வருசம் ஜாமீனே கெடையாதாமே?

குண்டாஸ் தண்டனை இல்லை. இனி செய்துவிடுவார் என்று சொல்லித் தடுத்து வைப்பது. தமிழ்நாட்டின் 1982-ம் வருஷத்து 14-ம் எண் சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போடுவார், 12 மாதம் வரை வைக்கலாம். ஜாமீன் என்ற பேச்சே அதில் இல்லை என்பது சரிதான். ஏனென்றால் அது வழக்கே இல்லை.

வேறு வழிகள் உண்டு. உத்தரவை 12 நாளுக்குள் அரசு ஏற்க வேண்டும், மூன்று வாரத்தில் அறிவுரைக் கழகத்துக்கு (தடுத்து வைக்கப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) அனுப்ப வேண்டும், அது தடுப்புக் காவல் தொடங்கிய ஏழு வாரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுக்கும் முறையீட்டைத் தாமதமின்றிப் பரிசீலிக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் உத்தரவையே ரத்து செய்யும், அடிக்கடி செய்கிறது. அதனால் முறையீட்டை உடனே, தேதியோடு, ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை இல்லை. செய்ததற்குத் தண்டனை கொடுப்பதே இவ்வளவு கஷ்டமாக இருக்கையில், செய்யப்போவதற்கு ஒரு வருஷம் என்பது சுலபமாகத்தான் இருக்கும்.

பையன் இன்ஜினியருங்க. ஏ கிளாஸ் வாங்கிக் குடுக்க முடியுமா?

மனுப் போடலாம். படிப்பு, வாழ்க்கைத் தரம், சமூக நிலை பார்த்துக் கூடுதல் வசதியுள்ள ஏ வகுப்பு கொடுக்கச் சிறை விதிகளில் இடம் இருக்கிறது. பட்டம் இருந்தால் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். நான் அடித்துக் கொடுப்பேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே குற்றத்துக்கு அதே தண்டனை பெற்ற தறிக்காரருக்கு இல்லாத கட்டில், இன்ஜினியருக்கு எதற்கு?

இதே கேள்வியோடு, குரலைத் தாழ்த்தி, 'நம்ம ஆளுங்க இருக்கற பிளாக்கு' வேண்டும் என்றும் கேட்பார்கள். அது கூடாது. சாதி பார்த்து வேலையும் இடமும் பிரிக்கும் சிறை விதிகளை 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சண்டை வராமல் இருக்கச் சாதிவாரியாகப் பிரித்தோம் என்ற பாளையங்கோட்டைச் சிறையின் விளக்கத்தையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை.

உள்ள அடிச்சா யாருகிட்டீங்க சொல்றது?

சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். வெளியே தெரியாமல் எதுவும் நடக்கலாம் என்ற பயம் நம் பக்கத்தில் கதையாக வந்ததில்லை. அதற்குப் பிறகு வாசல்கள் கொஞ்சம் திறந்திருக்கின்றன. இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததாகத் திகார் சிறையிலிருந்து ஒரு கைதி எழுதிய கடிதத்தையே வழக்காக எடுத்து 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் தாளும் பேனாவும் போதும்.

நடைமுறையில், அடுத்த வாய்தாவில் நீதிபதியிடம் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். வீடியோவில் ஆஜர் செய்தாலும் சொல்லலாம். மாவட்ட நீதிபதி சிறைக்கு ஆய்வுக்கு வருவார். சிறைக்குள் சட்ட உதவி மையம் உண்டு. காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ம் வருஷத்துச் சட்டம். வெளியே இருந்து சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யலாம். மனுவுக்குப் போகும்போது காயம் இருந்தால் தேதியோடு எழுதி வையுங்கள். 'அடிச்சாங்க' என்று பொதுவாகச் சொன்னால் எந்தக் காகிதமும் நகராது.

மொதல் தடவைங்க, சின்னத் திருட்டு. ஜெயிலுக்குப் போகாமயே முடிக்க வழியில்லீங்களா?

இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி, கோர்ட் கண்டித்து அனுப்பலாம், அல்லது ஒழுங்காக இருக்கிறேன் என்று பிணை எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். 21 வயதுக்குள் என்றால், சிறைக்கு அனுப்புவதற்கு நீதிபதி காரணம் எழுத வேண்டும்.

பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல் முறை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் அதுதான் தண்டனை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வதற்கும் உண்டு. ஆறு மாசம் உள்ளே இருந்து வரும் பையன், போகும்போது தெரியாத நாலு தொழிலைத் தெரிந்துகொண்டு வருவதைப் பார்த்தவன் நான். கோயில் மைதானத்தைக் கூட்டட்டும்.

உள்ள இருந்து ஓட்டுப் போடலாமுங்களா?

முடியாது. தடுப்புக் காவலில் இருப்பவர் மட்டும் போடலாம், குண்டாஸும் அதில் சேர்த்தி. வேடிக்கை என்னவென்றால், ரிமாண்டில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்கலாம்.

ஜெயில்ல இருந்து வந்தவனைத் தறிக்கு வெச்சுக்கலாமுங்களா?

இதைக் கேட்டவர் சென்னிமலைப் பக்கம் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். கொலை வழக்கில் முன்விடுதலையான ஒருவர் வேலை கேட்டு வந்திருக்கிறார், கோவைச் சிறையில் தறி ஓட்டிப் பழகியவர். சட்டத்தில் தடை எதுவும் இல்லை என்றேன். 'அது தெரியுமுங்க, நீங்களா இருந்தா வெப்பீங்களா?' என்றார்.

வைப்பேன் என்று சட்டென்று வாயில் வரவில்லை, இத்தனையும் படித்த பிறகும். கடையில் ஒரு பெண் பிள்ளை வேலை செய்கிறாள், பணப்பெட்டி பூட்டில்லாமல் கிடக்கிறது, அதெல்லாம் ஞாபகம் வந்தது. பிறகு, பகல் ஷிப்ட்டில் ஒரு மாசம் வைத்துப் பாருங்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலி கொடுங்கள், அவர் கதையை மற்ற தறிக்காரர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் சொன்னால் சொல்லட்டும் என்றேன். தீபாவளி போனஸ் பட்டியல் அடிக்க அவர் போன வருஷம் வந்தார். அதில் அந்தப் பெயர் ஏழாவதாக இருந்தது.